தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் இடம் இருக்கிறதா? மட்டக்களப்பு, அம்பாறை பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

"உத்தரவுப்பத்திரக்காரர் காணியில் தொடர்ச்சியாகக் குடியிருக்கவில்லை. காணி அபிவிருத்தி செய்யப்படவும் இல்லை. ஆகவே பெயர் மாற்றம் செய்ய முடியாது." அப்பாவின் பேமிற்றை, அதாவது அரசாங்கக் காணிக்கான உத்தரவுப்பத்திரத்தை, அம்மாவின் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்ட எங்களுக்கு ஒரு பிரதேச செயலகத்திலிருந்து வந்த பதில் இவ்வளவுதான். கையொப்பம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, திகதி இருக்கிறது. 2007 மார்ச் மாதம் படுவான்கரையில் என்ன நடந்தது என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதிய அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். சட்டத்தைத் திருத்தக்கூடியவர்கள் நீங்கள். மட்டக்களப்பு மாவட்டம் 5 பேரையும் திகாமடுல்ல எனப்படும் அம்பாறைத் தேர்தல் மாவட்டம் 7 பேரையும் வாக்களித்து அனுப்புகின்றன. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு கூடும்போது முன்வரிசையில் இருப்பவர்களும் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். பெரும்பாலான குடும்பங்களைப் போல எங்களிடம் இருந்ததும் பேமிற் காணிதான். மேட்டு நிலத்தில் ஒரு வளவு, வட்டையில் கொஞ்சம் வயல். 2006 கடைசியிலிருந்து செல் (எறிகணை) விழத் தொடங்கியது. 2007 மார்ச்சில் பல்குழல் எறிகணை அடி தொடங்கியபோது ஊரே எழும்பியது. கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிலர் தோணியில், சிலர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில், நடக்கக்கூடியவர்கள் நடந்தும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தோம். அந்த மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்து நின்றவர்களின் தொகை 100,000ஐத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடங்களில் இருந்தோம், கோயில் மடங்களில் இருந்தோம், பிறகு தறப்பாள் கூடாரங்களில் இருந்தோம். நாங்கள் காணியில் குடியிருக்காமல் விட்டது அன்றைக்குத்தான். எங்களை எழுப்பியது எங்கள் சோம்பல் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

ஏன் இந்தியாவுக்குப் போனீர்கள், மற்றவர்களைப் போல முகாமில் இருந்து மீளக் குடியேறியிருக்கலாமே என்று அலுவலகங்களில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் அந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். அப்போது என் தம்பிக்கு மீசை அரும்பும் வயது. முதலில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது. பிறகு இயக்கத்திலிருந்து பிரிந்தவர்களும் ஆள் பிடித்தார்கள். முகாமுக்குள்ளேயே வந்து பிடித்தார்கள். இரவில் வெள்ளை வான் வந்து நின்றால் தறப்பாளுக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பிள்ளையை ஒளிக்க இடமில்லாத தாய் தகப்பனுக்கு மன்னார்க் கரை தெரிந்தது, அவ்வளவுதான். அம்மாவின் காப்பையும் தோட்டையும் விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்தோம். இராமேஸ்வரத் தீவின் முனையான அரிச்சல்முனைக்குக் கிட்ட ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. அடுத்த நாள் இந்தியக் கடலோரக் காவல்படை வந்து ஏற்றும்வரை குடிக்கத் தண்ணீர் இல்லை. இப்படி மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ.

பிறகு மண்டபம் அகதி முகாம், அங்கிருந்து உள்மாவட்டத்தில் ஒரு முகாம். தமிழ்நாட்டு மக்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அரிசி தந்தார்கள், பணக்கொடை தந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தந்தார்கள். ஆனால் முகாம் முகாம்தான். தணிக்கை நாளில் குடும்பமே வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டும். வெளியூரில் ஒரு சாவீட்டுக்குப் போய்த் தங்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். கியூ பிரிவுப் பொலிஸ்காரர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஆண்களில் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். படித்த பிள்ளைகளும் போனார்கள், ஏனென்றால் படிப்புக்கேற்ற வேலை அகதிக்குக் கிடைக்காது. 2019இல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து போனவர்களுக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து போனவர்கள் அதில் இல்லை. அந்த நேரம் நாங்கள் ஊர் திரும்பியிருந்தோம். முகாமில் இருக்கும் சொந்தக்காரர் போனில் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் அப்பா அந்த முகாமில்தான் இறந்தார். கடைசி மாதங்களில் அவர் கேட்டதெல்லாம் மழை பெய்ததா, வாய்க்கால் வெட்டினார்களா என்பதுதான். எந்த ஊர் மழையைக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். பேமிற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, கடல் தாண்டியும் நனையாமல் கொண்டுபோனவர் அவர். எங்கள் வீட்டில் எரியாமல், நனையாமல் மிஞ்சிய ஒரே அரசாங்கக் கடதாசி அது. அதைத்தான் இப்போது செல்லாது என்கிறார்கள்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. பேமிற்காரர் காணியில் இருந்து பயிர் செய்ய வேண்டும், அவர் இறந்தால் வாரிசு குறித்த காலத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போகும் என்பது அதன் ஏற்பாடு. காணி வாங்கிச் சும்மா போட்டு வைப்பவர்களைத் தடுக்க அது சரியான ஏற்பாடாகவே இருந்திருக்கும். தமிழ்நாட்டு முகாமில் புருஷனை எரித்துவிட்டு, வெளியே போக அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்த என் அம்மா எந்தக் காலத்துக்குள் படுவான்கரைக்கு வந்து காணியைப் பொறுப்பேற்றிருக்க முடியும்? அப்பாவின் மரணச் சான்றிதழைக் கொடுத்தால், அதில் பெயர் இந்திய முறையில் முதலெழுத்தோடு இருக்கிறது, பேமிற்றில் முழுப்பெயர் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்று உறுதிப்படுத்தி வாருங்கள் என்கிறார்கள். சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம். சமாதான நீதவான் கையொப்பம் போதாது, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று திருப்பினார்கள். எழுபது வயது தாண்டிய விதவை சென்னைக்குப் போய்வர வேண்டுமாம்.

இதே அரசு உறுதிக் காணிக்கு, அதாவது உறுதிப்பத்திரத்தோடு சொந்தமான காணிக்கு, வேறு நியாயம் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். பத்து வருடம் ஒருவர் பிறருடைய காணியில் தடையில்லாமல் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது பழைய காலாவதிச் சட்டம். போர்க்காலத்தில் ஓடியவர்களுக்கு அது அநியாயம் என்று கண்டு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கும் வழக்கு வைக்கக் கால எல்லை போட்டார்கள். முகாம்களில் இருந்தவர்களின் காதுக்கு அது எட்டியதே இல்லை. இருந்தாலும் நியாயம் ஏற்கப்பட்டது அல்லவா? உறுதி வைத்திருப்பவன் செல்லுக்குப் பயந்து ஓடினால் அந்தக் காலம் எண்ணப்படாது, பேமிற் வைத்திருப்பவன் அதே செல்லுக்குப் பயந்து ஓடினால் எண்ணப்படும் என்பது என்ன நீதி? பேமிற் வைத்திருந்தவர்கள் காணி வாங்கப் பணமில்லாத ஏழைகள் என்பதைத் தவிர இதில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வளவில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. அவர்களும் உள்ளூரில் இடம்பெயர்ந்து, இருக்க இடமில்லாமல் வந்தவர்கள். கிணற்றைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள், தென்னை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போய் நின்றபோது அந்த வீட்டுப் பிள்ளை பயந்து தாயின் பின்னால் ஒளிந்தது. அவர்களை எழுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அகதியை எழுப்பி அகதியைக் குடியேற்றுவது தீர்வு ஆகாது. ஆனால் எங்களுக்கு அதே பிரதேசத்தில், அதே அளவில், தண்ணீர் உள்ள ஒரு மாற்றுக் காணி தர அரசாங்கத்தால் முடியும். இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்தோம். அதற்குப் பதிலே இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வந்த வழக்கம். காணி அபிவிருத்திச் சட்டமோ வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை வைத்திருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். நல்ல காரியம். பேமிற்றே கைக்கு வராத தாய்க்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்? என் மகளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் என்றால் எந்த வளவில் பந்தல் போடுவது? இது வெறும் சொத்துக் கணக்கு இல்லை என்பது மட்டக்களப்பில் பிறந்த யாருக்கும் விளங்கும்.

அந்த மகளைப் பற்றியும் எழுத வேண்டும். அவள் பிறந்தது முகாமில். இந்தியச் சட்டப்படி அவள் இந்தியப் பிரஜை ஆக முடியாது: 2004 டிசம்பருக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் அனுமதியில்லாமல் வந்தவராக இருக்கக் கூடாது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். அப்போது எங்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் தூதரகத்துக்குப் போகப் பயந்தார்கள். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதே அரசாங்கத்தின் அலுவலகத்துக்குப் போய், இந்த முகாமில் இருக்கிறோம் என்று விலாசம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அவள் சிறு பிள்ளையாக இங்கே வந்தாள். பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்த அதிபருக்கு நன்றி சொல்கிறேன், மனிதாபிமானத்தில்தான் கொடுத்தார். வகுப்பில் அவளை 'இந்தியாக்காரி' என்று கூப்பிட்டார்கள். அது கொஞ்ச நாளில் போய்விட்டது, பிள்ளைகள் எதையும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். அலுவலகம் மறக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தாமதத்தின் காரணம் காட்ட வேண்டும். காரணம் என்று எழுதிக் கொடுத்தால், அகதியாக இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். முகாம் அட்டையைத் திரும்பி வரும்போது அங்கே ஒப்படைத்துவிட்டோம், அது இந்தியாவின் நடைமுறை. கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் தந்த கடிதமும் வெளியேறும் அனுமதியின் பிரதியும் மட்டுமே. அவை போதாது என்கிறார்கள். இந்த நாட்டைத் தவிர வேறு நாடு இல்லாத பிள்ளை அவள். ஒரு வருடம் என்ற எல்லையை, தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் நீட்டலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. புதிய சட்டம்கூடத் தேவையில்லை. போர் ஒரு தகுந்த காரணம் என்று அமைச்சர் ஒரு தாளில் எழுதினால் போதும்.

2025 மே மாதம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு முதியவரைக் கைதுசெய்தார்கள். முன்னொரு காலம் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினாராம். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் அப்படித்தான் இருக்கிறதாம். இந்த நடைமுறை மாற்றப்படும் என்று அப்போது அரசாங்கத் தரப்பிலிருந்தே சொன்னார்கள். இந்தியா அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழ் அகதிகளைத் தன் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து விலக்கியது. அனுமதியில்லாமல் உள்ளே வந்தவர்களை அந்த நாடு தண்டிக்காது என்றால், உயிரைக் காக்க வெளியே போனவர்களைச் சொந்த நாடு தண்டிக்கலாமா?

அந்தக் கைதுச் செய்தி வந்த அன்று முகாம்களிலிருந்து எங்களுக்கு வந்த அழைப்புகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்னும் 100க்கு மேற்பட்ட முகாம்களில் 50,000க்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எங்கள் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. அரசாங்கம் என்ன அறிக்கை விட்டாலும் அவர்கள் கடைசியில் கேட்பது எங்களைப் போல் முன்னால் வந்தவர்களிடம்தான். "வரலாமா? காணி கிடைத்ததா? பிள்ளைக்கு ஐ.சி. (அடையாள அட்டை) எடுத்தீர்களா?" அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். வாருங்கள் என்று சொன்னால் பொய் சொன்ன பாவம் எங்களுக்கு. வராதீர்கள் என்று சொல்லவும் வாய் வருவதில்லை.

இது எங்கள் குடும்பத்துக்கோ இந்தியா போனவர்களுக்கோ மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 1990இல் உன்னிச்சைப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு ஏறாவூரில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களும் இதே 'தொடர்ச்சியாகக் குடியிருக்கவில்லை' என்ற சுவரில்தான் முட்டுகிறார்கள். பொத்துவில் கனகர் கிராமத்து மக்களும் 1990இல் எழும்பியவர்கள். திரும்பிப் போனபோது காணி காடாகிவிட்டது, அது வன இலாகாவுக்குரியது என்றார்கள். 2018இல் அவர்கள் வீதியோரம் கொட்டில் போட்டு இருந்து போராடினார்கள். முப்பது வருடம் மனிதர் இல்லாத இடத்தில் மரம் வளராமல் என்ன செய்யும்? உங்களில் தமிழர் இருக்கிறீர்கள், முஸ்லிம்கள் இருக்கிறீர்கள், சிங்களவர் இருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் கட்சியும் சமூகமும் பிரிந்து நிற்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுத்திட்டம், நிவாரணம் பற்றியெல்லாம் நான் எழுதவில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பட்டியல் நாங்கள் வரும்போது எங்கள் பக்கம் முடிந்திருந்தது. சரி, அது போகட்டும். தகரக் கொட்டிலில் இருந்துகொண்டும் உழைத்துச் சாப்பிட எங்களுக்குத் தெரியும். 2016 ஆகஸ்டில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட, போரால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கையைத் தூசு தட்டி எடுத்துப் படியுங்கள். நான் கேட்பவை அந்தக் கொள்கையின் நோக்கத்துக்கு வெளியே இல்லை.

முதலாவது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைத் தனிநபர் பிரேரணையாகவாவது கொண்டுவாருங்கள். 1983 மே 1 முதல், இடம்பெயர்ந்த பேமிற்காரரோ வாரிசோ ஊர் திரும்பும் நாள்வரை உள்ள காலம் அவர்களுக்கு எதிராக எண்ணப்படக் கூடாது. திருத்தம் வரும்வரை, இந்தக் காரணம் காட்டி யாருடைய பேமிற்றையும் இரத்துச் செய்ய வேண்டாம் என்று காணி ஆணையாளர் நாயகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வாங்கித் தாருங்கள். ஏற்கெனவே நிராகரித்தவற்றைத் திரும்ப விசாரிக்க வேண்டும். காணியில் வேறு குடும்பம் இருந்தால் அவர்களை எழுப்பாமல், எங்களுக்கு அதே பிரதேசத்தில் சம அளவில் மாற்றுக் காணி வேண்டும்.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமைப் பதிவுக்கு, தண்டப்பணம் இல்லாமல், பொதுவான கால நீடிப்பை அமைச்சர் அறிவிக்கச் செய்யுங்கள். குடிவரவுத் திணைக்களம், பதிவாளர் நாயகம் திணைக்களம், ஆட்பதிவுத் திணைக்களம், காணித் திணைக்களம் நான்கும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் இருக்கும்படி மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நடமாடும் சேவை நடத்துங்கள். தமிழில் பேசி, தமிழில் படிவம் நிரப்பக்கூடிய அலுவலர்களை அனுப்புங்கள். அகதிகள் உயர்ஸ்தானிகராலயக் கடிதத்தையும் சமாதான நீதவானின் சத்தியக் கடதாசியையும் போதிய அத்தாட்சியாக ஏற்க வேண்டும். இந்த ஆண்டு பரீட்சை எழுத இருக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களை முதலில் எடுங்கள்.

போர்க்காலத்தில் கடவுச்சீட்டில்லாமல் வெளியேறி இப்போது திரும்பி வருபவர்களைக் கைதுசெய்வதோ வழக்குப் போடுவதோ இல்லை என்று குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்திலேயே எழுதச் செய்யுங்கள். வாய்ச்சொல் போதாது. விமான நிலையத்தில் இரவு வேலையில் இருக்கும் அலுவலருக்கு அமைச்சரின் பேட்டி தெரியாது, சட்டப் புத்தகம்தான் தெரியும்.

கடைசியாக, அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மூன்று தொகைகளைக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து திரும்பி இந்த மாவட்டத்தில் பதிந்த குடும்பங்கள் எத்தனை, அவர்களில் காணி கிடைக்காதவர்கள் எத்தனை, அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை? பிரதேச வாரியாகக் கேட்டு வாங்கி, தமிழில் வெளியிடுங்கள். எங்கள் விண்ணப்பத்தின் பிரதியும் நிராகரித்த கடிதத்தின் பிரதியும் உங்கள் மாவட்ட அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் வருகின்றன. பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு.